அமெரிக்க ஆலய அஷர் சங்கங்களின் உதவித்தொகைப் போட்டி: பிள்ளையை மேடை ஏற்றும் முன் பெற்றோர் செய்ய வேண்டியவை

என் மகள் பதினோராம் வகுப்பு படித்த ஆண்டில், இரண்டு மாதம் மனப்பாடம் செய்த பேச்சோடு, ஆலய வாசலில் வரவேற்று இருக்கை காட்டும் ஊழியர்களான அஷர்களின் சங்கம் இளையோருக்கு நடத்தும் உதவித்தொகைப் பேச்சுப் போட்டிக்குப் போனோம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, சட்டைப் பையின் மேல் பேட்ஜ் எல்லாம் தயார். பதிவு மேசையில் இருந்த மூத்த பெண்மணி பட்டியலில் இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பேர் இல்லையேம்மா" என்றார். எங்கள் ஆலயத்தின் இளையோர் சந்தா வட்டாரச் சங்கத்துக்குக் கடைசித் தேதிக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மகள் அன்று முழுக்கப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆண்டு மறுபடி போய் இரண்டாம் பரிசு வாங்கினாள். நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது.

நாங்கள் மேரிலாந்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பின பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போக ஆரம்பித்து அங்கேயே ஐக்கியமாகிவிட்டோம். வாசலில் வரவேற்பது, இருக்கை காட்டுவது, காணிக்கைத் தட்டு எடுத்துப் போவது, ஆராதனை நடுவே யாருக்காவது மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிப்பது, இவையெல்லாம் அஷர்களின் வேலை. நம்மூர்ச் சபைகளில் அந்தந்த வாரம் கைக்கு அகப்பட்டவர் செய்வதை, இங்கே சீருடை, பயிற்சி, கைச்சைகை என்று ஒரு முழு ஊழியமாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆலயத்திலும் ஓர் அஷர் போர்டு இருக்கும். பல ஆலயங்களின் போர்டுகள் சேர்ந்தது வட்டாரச் சங்கம், அதை யூனியன் என்பார்கள். அதற்கு மேலே மாநிலச் சங்கம். அதற்கும் மேலே 1919-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நேஷனல் யுனைடெட் சர்ச் அஷர்ஸ் அசோசியேஷன் போன்ற தேசிய அமைப்பு. இளையோருக்கான உதவித்தொகைப் போட்டிகள் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில்தான் ஏறிப் போகும். விதிகள் சங்கத்துக்குச் சங்கம் மாறும் என்பதால், நான் சொல்லும் தேதியையும் தொகையையும் எங்கள் வட்டார அனுபவமாக எடுத்துக்கொண்டு, உங்கள் சங்கத்தின் விதித்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. முதலில் பிள்ளை அஷராக வேண்டும்

பேச்சுப் போட்டி என்றதும் பேச்சுத் திறமையைத்தான் பார்ப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நடந்தது வேறு. விண்ணப்பத்தின் முதல் கேள்வியே, "எத்தனை மாதமாக ஊழியத்தில் இருக்கிறார்?" என்பதுதான். எங்கள் சங்கத்தில் குறைந்தது 12 மாதம் ஜூனியர் அஷராக இருந்திருக்க வேண்டும். அதோடு வட்டாரச் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் பாதிக்கு மேல் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

அதனால் பிள்ளை ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஜூனியர் அஷர் போர்டில் சேர்த்துவிடுங்கள். சேர்ந்த தேதியை எழுத்தில் வாங்குங்கள். போர்டின் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவர் "ஆம்" என்று பதில் போட்டாலே போதும். வருகைப் பதிவேட்டில் பிள்ளை தன் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவோ அண்ணனோ போட்ட கையெழுத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேரிலாந்தில் பொதுப் பள்ளிப் படிப்பை முடிக்கச் சேவை மணி நேரம் காட்ட வேண்டும், 75 மணி நேரம் என்பது பரவலான கணக்கு. அஷர் ஊழியத்தையும் அதில் எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். உதாரணமாக மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) மதச்சார்பற்ற சேவைதான் அந்தக் கணக்கில் சேரும். அதே ஆலயத்தின் உணவு வங்கியில் மூட்டை கட்டிய நேரத்துக்கு வாய்ப்பு உண்டு. பள்ளியின் சேவை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். அமெரிக்கா என்றால் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பது இந்த ஆலயங்களில் எடுபடாது. சிஸ்டர், பிரதர், மூத்த பெண்மணி என்றால் மதர், சங்கத் தலைவி என்றால் மேடம் பிரசிடெண்ட். நம் பிள்ளைகளுக்கு அத்தை, மாமா என்று அழைத்துப் பழக்கம் இருப்பதால் இது சுலபமாகவே வந்துவிடும்.

2. சந்தா யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். நாங்கள் சந்தாவை நவம்பரிலேயே ஆலயத்தில் கட்டிவிட்டோம். ஆலயம் அதை வட்டாரச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும், வட்டாரம் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். மாநிலச் சங்கத்தின் கடைசித் தேதி ஜனவரி 31. காசோலை பிப்ரவரியில்தான் போயிருக்கிறது. யார் மீதும் எனக்குக் கோபமில்லை, எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டே தன்னார்வமாகச் செய்பவர்கள். ஆனால் தேதி தவறினால் விதி விதிதான்.

அடுத்த ஆண்டு இப்படிச் செய்தோம். சந்தா கட்டும்போதே ரசீது. டிசம்பர் முதல் வாரத்தில் வட்டாரச் சங்கத்தின் நிதிச் செயலாளரிடம், "எங்கள் ஆலயத்தின் இளையோர் பட்டியல் வந்துவிட்டதா?" என்று நேரில் ஒரு கேள்வி. ஜனவரி இரண்டாம் வாரத்தில் மாநிலப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மறுபடி ஒரு கேள்வி. இப்படித் துருவித் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று நான் தயங்கினேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்காக ஒரு தாய் கேட்கிறாள் என்றே பார்த்தார்கள்.

தமிழ்ச் சபைக்கு மட்டும் போகிற குடும்பங்களுக்கும் வழி இருக்கிறது. இந்தச் சங்கங்களில் பல, சபைப் பிரிவு பார்க்காமல் எல்லா ஆலயங்களையும் சேர்த்துக்கொள்பவை. உங்கள் சபையில் அஷர் குழு ஒன்றை அமைத்து, போதகரின் கடிதத்தோடு வட்டாரச் சங்கத்தில் சேரக் கேட்கலாம். சேர்ந்த பிறகுதான் பிள்ளையின் அந்த 12 மாத ஊழியக் கணக்கு ஓடத் தொடங்கும் என்பதால், இந்த வழியில் போகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் வேண்டும்.

3. நாட்காட்டி

எங்கள் பகுதியில் ஓர் ஆண்டு இப்படிப் போகும். செப்டம்பரில் விதித்தாளும் அந்த ஆண்டின் தலைப்பும் வரும். நவம்பருக்குள் சந்தா. ஜனவரி 31 மாநிலப் பட்டியலுக்குக் கடைசி நாள். பிப்ரவரி நடுவில் விண்ணப்பம். மார்ச்சில் வட்டாரப் போட்டி. அதில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மே மாதம் மாநில மாநாட்டுக்குப் போவார்கள். அங்கே வெல்பவர் கோடையில் தேசிய அளவுக்குப் போவார்.

கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வும், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகளும் இதே மார்ச், மே மாதங்களில்தான் வந்து விழும். ஏ.பி. தேர்வுகள் வழக்கமாக மே மாதத்தின் முதல் பாதியில் நடக்கும். மாநாட்டுத் தேதி வந்ததும் அதோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

4. ஆவணங்கள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இது. எங்களிடம் கேட்டவை எல்லாம் ஒரு கோப்பில் வைத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

போதகரின் கடிதம். ஆலய லெட்டர்ஹெட்டில், தேதியோடு, மையால் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். போதகர்களுக்கு டிசம்பரும் ஈஸ்டர் சமயமும் மூச்சு விட நேரமில்லாத காலம். ஜனவரி முதல் வாரத்தில் கேளுங்கள். சும்மா கேட்காமல், பிள்ளை எந்த ஞாயிறுகளில் ஊழியம் செய்கிறாள், வேறு என்ன செய்கிறாள் என்று அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் கூடவே கொடுங்கள். எங்கள் போதகர் அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு எழுதிய கடிதம், முதல் ஆண்டுக் கடிதத்தைவிட எவ்வளவோ கனமாக இருந்தது.

அஷர் போர்டு தலைவரின் சான்று. போதகரின் கடிதம் இதற்கு ஈடாகாது. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

பள்ளியின் மதிப்பெண் பட்டியல். விண்ணப்பத்தில் "அதிகாரபூர்வ" என்று இருந்தால், வலைத்தளத்திலிருந்து நீங்களே அச்செடுத்தது செல்லாது. பள்ளி முத்திரையிட்ட உறையில் தருவார்கள், அல்லது நேராக மின்னணு முறையில் அனுப்புவார்கள். உறையை வீட்டில் பிரித்துவிட்டால் மறுபடி வாங்க வேண்டியதுதான். எப்போதும் இரண்டு பிரதி கேளுங்கள். ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பெண் புள்ளி விஷயத்திலும் கவனம் தேவை. எங்கள் சங்கம் 4.0 அளவில் குறைந்தது 2.5 கேட்டது. பள்ளிப் பட்டியலில் ஏ.பி. பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்த ஜி.பி.ஏ., சேர்க்காத ஜி.பி.ஏ. என்று இரண்டு எண் இருக்கும். விண்ணப்பத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

பொருளாதாரத் தேவைக்கான சான்று. சில சங்கங்கள் ஃபாஃப்சா, அதாவது கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவம், போட்டதற்கான அத்தாட்சியைக் கேட்கும். படிவம் போட்டதும் வரும் சுருக்க அறிக்கைதான் அது, பழைய விண்ணப்பத் தாள்களில் எஸ்.ஏ.ஆர். என்று இருக்கும். 2024-25 கல்வியாண்டிலிருந்து அதன் பெயர் ஃபாஃப்சா சப்மிஷன் சம்மரி. இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். ஃபாஃப்சா போடக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் தராதீர்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மேரிலாந்து மாநில உதவித்தொகைகளுக்கு மார்ச் 1-க்குள் போட்டுவிட வேண்டும்.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை. பிள்ளை அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்றால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் ஃபாஃப்சா போடலாம். பிள்ளை எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது) இருந்தால் கூட்டாட்சி அரசின் உதவி கிடைக்காது. எங்கள் நிலை அதுதான். சங்கத்தின் உதவித்தொகைக் குழுவுக்கு எழுதி, "ஃபாஃப்சாவுக்குப் பதிலாக வருமானக் கடிதம் தரலாமா?" என்று கேட்டேன். சம்மதித்தார்கள். தனியார் சங்கம் தன் பணத்தைத் தருகிறது, விதியை அவர்களே வைக்கிறார்கள். எனவே கேட்காமலே விலகிவிடாதீர்கள். பதிலை மட்டும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பெயர். தமிழ்க் குடும்பங்கள் இதை இரண்டு முறை படிக்கவும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். பள்ளியில் இனிஷியல் ஒட்டியிருக்கும். ஆலயத்தில் எல்லாருக்கும் வாயில் நுழையட்டும் என்று செல்லப் பெயர். என் மகளை ஆலயத்தில் முதல் மூன்று எழுத்தால்தான் அழைப்பார்கள். போர்டுத் தலைவர் சான்றிலும் அதையே எழுதிவிட்டார், பரிசுக் கடிதத்திலும் அதுவே ஏறியது, காசோலையும் அந்தப் பெயரில் வந்தது. கல்லூரியின் கட்டணப் பிரிவு அப்படி ஒரு மாணவி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. புதுக் காசோலைக்கு ஏழு வாரம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, கடிதம் எழுதும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். விண்ணப்பம் பல வீடுகளின் மேசைகளைக் கடந்து போகும். கல்லூரியின் மாணவர் எண் கிடைத்த பிறகு அதைக் கொடுத்தால் போதும்.

மாநாட்டுக்கு 18 வயது நிரம்பாத பிள்ளை தனியாக ஆலயக் குழுவோடு போவதானால், நோட்டரி முன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் மருத்துவ ஒப்புதலும் கேட்பார்கள். பல வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு நோட்டரி வேலையை இலவசமாகச் செய்து தருகின்றன. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, நோட்டரியின் கண் முன்னால்தான் போட வேண்டும்.

5. பேச்சைத் தயார் செய்வது

எங்கள் போட்டியில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஏழு நிமிடத்துக்கு மிகாமல் பேச வேண்டும். தலைப்பு வேத வசனத்திலிருந்து வரும். அஷர்கள் மிகவும் நேசிப்பது 84-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம், தேவனுடைய ஆலயத்தின் வாசலில் நிற்பதைப் பற்றியது. அந்த ஆண்டின் தலைப்பு வேறாக இருந்தாலும், தன் ஊழியத்தைத் தொட்டுப் பேசும் பிள்ளையைத்தான் நடுவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். என் மகள் முதலில் எழுதியது பள்ளிக் கட்டுரை மாதிரி இருந்தது. பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மழை நாளில் நனைந்து வந்த ஒரு முதியவரை வாசலில் கைபிடித்து அழைத்து வந்ததை வைத்து மறுபடி எழுதினாள். அந்தப் பேச்சுதான் பரிசு வாங்கியது.

நேரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 130 சொல் வரை போகும். அந்தக் கணக்கில் ஏழு நிமிடத்துக்கு 900 சொல் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால் கறுப்பின ஆலயத்தில் கூட்டம் அமைதியாகக் கேட்காது. நல்ல வரி வந்தால் "ஆமென்" என்பார்கள், கை தட்டுவார்கள், சிலர் எழுந்தே நிற்பார்கள். பிள்ளை அதற்கு நின்று கொடுக்க வேண்டும், அதன் மேலேயே பேசிக்கொண்டு போனால் வரி அமுங்கிவிடும். ஆனால் கடிகாரம் நிற்காது. வட்டாரப் போட்டியில் அருமையாகப் பேசிய ஒரு பையன் இருபது நொடி அதிகமானதால் புள்ளி இழந்ததைப் பார்த்தோம். வீட்டில் ஐந்தரை நிமிடத்தில் முடியும்படி, 650 சொல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஆலய இளையோர் முன்னால் ஒரு தடவை பேச வைத்துப் பாருங்கள். அப்போதுதான் அந்தக் கைதட்டலின் நடுவே நிற்கப் பழகுவார்கள்.

விதித்தாளில் சொல்லியிருந்தால் பேச்சில் தன் பெயரையோ ஆலயத்தின் பெயரையோ சொல்லக் கூடாது. எங்கள் போட்டியில் எண் மட்டும்தான். பழக்க தோஷத்தில் "எங்கள் போதகருக்கு வணக்கம்" என்று தொடங்கி, போதகர் பெயரையும் சொல்லிவிடுகிற பிள்ளைகள் உண்டு. நம் பிள்ளைகளின் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும்.

6. செலவு

இரண்டாம் ஆண்டு எங்களுக்கு ஆனது: சந்தா 12 டாலர், சட்டை, பாவாடை, கையுறை சேர்த்து 46, பேட்ஜ் 9, மதிப்பெண் பட்டியல் இரண்டு பிரதி 10, மாநாட்டுப் பதிவு 55, இரண்டு இரவு ஹோட்டல் 290, பெட்ரோலும் டோலும் 40, சாப்பாடு 70. மொத்தம் 532 டாலர். பரிசு 750.

ஹோட்டல் அறைக்கு, மாநாட்டுக்கென்று ஒதுக்கிய அறைகளின் சலுகை விலை ஒரு குறிப்பிட்ட தேதியோடு முடிந்துவிடும். அதற்குள் பதிவு செய்யுங்கள். இன்னொரு விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆலயத்தின் அஷர் போர்டு ஆண்டுவிழாக் காணிக்கையிலிருந்து இளையோர் பயணத்துக்கு உதவும். நாங்கள் கேட்டதும் ஹோட்டல் செலவில் பாதியைத் தந்தார்கள். மார்ச் மாதமே கேட்டால் முழுவதும் கிடைத்திருக்கலாம் என்று பொருளாளர் சொன்னார்.

7. போட்டி நாளன்று

பதிவு மேசை திறக்கும்போதே போய்விடுங்கள். கோப்பின் முழு நகல் ஒன்று கையில் இருக்கட்டும், சந்தா ரசீது மேலே. சீருடை எந்த நிறம் என்று முதல் நாளே உறுதி செய்யுங்கள். சில சங்கங்கள் முழு வெள்ளை, சிலவற்றில் கறுப்பும் வெள்ளையும். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி வையுங்கள். போட்டி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் சங்கத்தில் நிறைவு ஆராதனைக்கு இல்லாதவருக்குப் பரிசு அறிவிப்பதில்லை, அது மறுநாள் பிற்பகல்தான்.

8. பரிசுப் பணம் கல்லூரிக்குப் போகும் வழி

மேடையில் கொடுப்பது பெரிய அட்டைக் காசோலையும் ஒரு கடிதமும்தான். உண்மையான பணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். அதற்குக் கல்லூரியில் சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும். பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் தரும் காலம் முடிந்த பிறகு அதைக் கேளுங்கள். முன்னதாக வாங்கிய அத்தாட்சியை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் வலைவாசலிலேயே இலவசமாக எடுக்கலாம். அதாவது பணம் அக்டோபருக்கு முன் வராது. முதல் பருவக் கட்டணம் ஆகஸ்டிலேயே கேட்பார்கள். இந்தத் தொகையை நம்பி ஆகஸ்டுத் தவணையைக் கணக்குப் போடாதீர்கள்.

கல்லூரி ஏற்கெனவே உதவித்தொகை கொடுத்திருந்தால், வெளியிலிருந்து வரும் பரிசைக் காரணம் காட்டித் தன் பங்கைக் குறைக்கக்கூடும். மேரிலாந்தின் அரசுக் கல்லூரிகளில் இதற்கு 2017-இல் சட்டம் கட்டுப்பாடு போட்டது, நாட்டிலேயே முதலில் அப்படிச் செய்த மாநிலம் இதுதான். தனியார் கல்லூரி என்றால் நிதி உதவிப் பிரிவுக்கு எழுதி, "குறைப்பதானால் உதவியில் உள்ள கல்விக் கடன் பங்கை முதலில் குறையுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல இடங்களில் இரங்குகிறார்கள்.

வரி விஷயம் சின்னது. பட்டப் படிப்பு மாணவர் இந்தப் பணத்தைக் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்கள் ஆகியவற்றுக்குச் செலவிட்டால் வருமான வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போன பங்கு வரிக் கணக்கில் வரும். புத்தக ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

பதினோராம் வகுப்பிலேயே பிள்ளை வென்றுவிட்டால், கல்லூரி சேரும் வரை சங்கம் பணத்தை வைத்திருக்கும். ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. எங்கள் சங்கத்தில் பள்ளி முடித்து 18 மாதத்துக்குள் கேட்காவிட்டால் தொகை நிதிக்கே திரும்பிவிடும். நினைவூட்டுக் கடிதம் எதுவும் வராது. பரிசு பெற்ற அன்றே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தொகை இரண்டு தவணையாக வருவதானால், முதல் பருவ மதிப்பெண்ணை அனுப்பிய பிறகுதான் இரண்டாவது வரும். அதற்குள் பிள்ளையின் அந்த ஆண்டுச் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். என் மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நவம்பர் முதல் ஞாயிறு அவள் பெயரில் 12 டாலரை நான்தான் ஆலயத்தில் கட்டி, ரசீதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறேன்.